பாக்கியலெட்சுமி ஊர் பார்க்கப் போன கதை

பெண் பார்க்கப் போவார்கள், மாடு பார்க்கப் போவார்கள். ஊர் பார்க்கப் போன ஆளை லில்லிமலைத் தேயிலைத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலையில் பாக்கியலெட்சுமி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, புருஷன் வீரய்யாவையும் மகள் யசோதினியையும் முன்னால் நடக்கவிட்டு வரிசைக் குடியிருப்பான லயத்து வாசலில் இறங்கினாள். பக்கத்துக் காம்பரா அங்கம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"எங்க, கல்யாணத்துக்கா?"

"ஊரு பாக்கப் போறோம்."

"எந்த ஊர?"

"பாத்தாத்தானே தெரியும்."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மளுக்கு ஊரு என்னடி ஊரு? தொர எந்தக் காம்பராவக் குடுத்தாரோ அதான் ஊரு!" என்றாள். அரை மணி நேரத்தில் விஷயம் கடைசி லயம்வரை போய்விட்டது.

அங்கம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்த மலையில் நாலு தலைமுறையாக யாரும் ஊரைத் தேர்ந்தெடுத்ததில்லை. கொண்டுவந்து விட்ட இடத்தில் இருந்தார்கள், கங்காணி காட்டிய லயத்தில் அடுப்பு மூட்டினார்கள், அங்கேயே பெற்றார்கள், அங்கேயே செத்தார்கள். பாக்கியலெட்சுமிக்கும் நாற்பத்தொன்பது வயதுவரை அப்படியொரு யோசனை வந்ததில்லை. வந்தபிறகு அவள் அதை விடுவதாக இல்லை.

காரணம் வீரய்யாதான். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டும் கவ்வாத்து வேலையில் அவனை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அவன் வெட்டிவிட்டுப் போன மலை, நூல் பிடித்த மாதிரி இருக்கும். வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்படிப்பட்ட மனுஷன் இருபத்தைந்து வருஷம் குடித்தான்.

லில்லிமலையிலிருந்து சாராயக்கடைக்குத் திரும்பும் பாதையில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. மாதாமாதம் பத்தாம் தேதி, சம்பள நாள் சாயந்தரம், அந்தக் கோயில் வளைவில் பொம்பளைகள் கூடிவிடுவார்கள். சாமி கும்பிட அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் புருஷன்மாரை மறிக்க. அந்த வளைவில் பிடிக்காவிட்டால் பிறகு மறுநாள் விடிந்துதான் பிடிக்கலாம். மழையானாலும் காய்ச்சலானாலும் நின்றே ஆகவேண்டும். பாக்கியலெட்சுமி யசோதினியை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள், இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு அவளை வீட்டில் படிக்க வைத்துவிட்டு வந்து நின்றாள். சில மாதம் வீரய்யாவை மறித்துக் கூட்டிப் போனாள். பல மாதம் அவன் தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் போய்விட்டான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவனைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஈரல் இன்னொரு தடவையைத் தாங்காது என்று டொக்டர் பாக்கியலெட்சுமியிடம் நேராகவே சொன்னார். வீரய்யாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். அன்றோடு விட்டான். சும்மா சொல்லக்கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டான். ஆனால் லயம் அவனை விடவில்லை. மூன்றாவது காம்பராவில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்றார்கள். கூட்டாளிகள் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். ஒரு சம்பள நாள், எவனோ விளையாட்டுக்கு என்று அரைப் போத்தலை வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். விடியற்காலை கதவைத் திறந்த பாக்கியலெட்சுமி அதை எடுத்துக் சாக்கடைக் கானுக்குள் ஊற்றினாள். அடுத்த மாதம் படியில் இன்னொன்று இருந்தது. அதையும் ஊற்றிவிட்டு உள்ளே வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வீரய்யாவிடம், "நாம வேற ஊருக்குப் போறோம்" என்றாள்.

வீரய்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னைய நம்பாமத்தானே புள்ள ஊரு தேடுற?"

"உங்கள நம்புறேங்க. ஊரத்தான் நம்பல."

அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் சப்பாத்தைத் துடைத்து வைத்தான். அதுவே சம்மதம் என்று பாக்கியலெட்சுமி எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பார்க்கப்படுவது பழக்கம். வயதில் அவளை நாலு இடத்திலிருந்து வந்து பெண் பார்த்தார்கள். நடக்கச் சொன்னார்கள், தலைமுடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிப்பாய் என்று கேட்டார்கள். ஐந்தாவதாக வந்த வீரய்யா வீட்டார் மட்டும் எதுவும் கேட்காமல் வடையைச் சாப்பிட்டுவிட்டுச் சம்மதம் என்றார்கள். கேள்வி கேட்காத மாப்பிள்ளை கிடைத்தானே என்று அவளும் மகிழ்ந்துபோனாள். கேட்கவேண்டிய ஒரே கேள்வியை அன்றைக்கு அவள் பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை பார்க்கப் போகிறவள் அவள். இந்தத் தடவை அந்தக் கேள்வியை விடமாட்டாள்.

யசோதினி பதுளையில் ஃபோன் கடையில் வேலை செய்தாள். வாழ நல்ல ஊர் என்றால் என்னென்ன இருக்கவேண்டும் என்று அவள் தன் ஃபோனில் பெரிய பட்டியலே வைத்திருந்தாள். ஆறு, காடு, நூல்நிலையம், ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர், பொம்பளைப் பிள்ளை தனியாக நடக்கலாமா என்று அது நீண்டுகொண்டே போயிற்று. தாயின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழியில் சாராயக்கடை இருக்கக்கூடாது.

முதலில் பண்டாரவளைக்குப் போனார்கள். அழகான ஊர், குளிரும் அளவாக இருந்தது, வாடகையைக் கேட்டதும்தான் வியர்த்தது. பிறகு எல்ல என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் படம் பிடித்து முடிக்கும்வரை இவர்கள் றோட்டோரம் ஒதுங்கி நிற்கவேண்டியிருந்தது. மூன்றாவதாகப் போனது கிரிகல்தென்ன என்ற சின்ன ஊருக்கு. அங்கே இறங்கியதுமே பாக்கியலெட்சுமிக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது.

எல்லாப் பயணமும் போயா நாளில்தான். வேலை நாளில் மலைக்கு ஏறாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. யசோதினிக்கும் அன்றைக்குத்தான் லீவு. ஆகவே போயா நாள் பத்து மணிக்கு அவர்கள் பார்த்த கிரிகல்தென்ன, வெள்ளை உடுப்பு உடுத்திப் பூத்தட்டோடு பௌத்த விகாரையான பன்சலைக்குப் போகும் சனங்களும், மலையிலிருந்து இறங்கும் ஓடையும், ஒரு சத்தம் சண்டை இல்லாத தெருவுமாக இருந்தது. யசோதினி ஃபோனில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பச்சை இரும்புக் கதவு போட்ட ஒரு கடை மூடிக் கிடந்தது. இரும்புச் சாமான் கடையாக்கும் என்று பாக்கியலெட்சுமி கடந்துபோனாள். சாராயக்கடை எங்கே என்று முன்பின் தெரியாத ஊரில் ஒரு பொம்பளை எப்படி வாய்விட்டுக் கேட்பது? கண்ணால் பார்த்தாள், இல்லை, திருப்தி. ஓடைக்கு மேலே ஒரு வீடும் கிடைத்தது. வீட்டுக்காரர் கையில் வெற்றிலை கொடுத்து, புதன்கிழமை வந்து சாவி வாங்குகிறோம் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவளும் வீரய்யாவும் மட்டும் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பச்சை இரும்புக் கதவு திறந்திருந்தது தெரிந்தது. காலை பத்து மணிதான். வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவன் அப்போதே படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். அந்த வாசம் காற்றில் வந்தது. வீரய்யா தலையைத் திருப்பி எதிரே இருந்த மலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்ல ஊருதான் புள்ள. மலைய மட்டும் பாத்துக்கிட்டு நடந்தாச் சரி."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சட்டைக் கையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் நடுங்கின. பாக்கியலெட்சுமிக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போயா நாளில் நாடு முழுக்கச் சாராயக்கடை மூடியிருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கா தெரியாது? இருபத்தைந்து வருஷமாக, மாதத்தில் அந்த ஒரு நாளைத்தான் அவள் நிம்மதியான நாள் என்று எண்ணிக் காத்திருந்தாள். அந்த நிம்மதியை ஊரின் குணம் என்று நம்பி வெற்றிலை கொடுத்துவிட்டாளே!

வீட்டுக்காரரிடம் போய்ச் சாவி வேண்டாம் என்று சொல்லும்போது வெட்கத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அங்கம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "வெத்தல மாத்தின பொறகு மாப்பிள்ள வேணாமுன்னா எப்பிடிடி?" என்று தண்ணீர்ப் பீலியடியில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பாக்கியலெட்சுமி பதில் சொன்னாள். "பொண்ண சோடிச்சு ஒக்கார வெச்சுப் பாத்தா எல்லாப் பொண்ணும் லெட்சணந்தான். இனிமே நான் எந்த ஊரப் பாத்தாலும் பத்தாந்தேதிதான் பாப்பேன். சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பாப்பேன்."

அங்கம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பத்தாம் தேதி ஐந்து மணி என்றால் என்ன என்று அந்தப் பீலியடியில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

சம்பள நாளில் லீவு கேட்ட முதல் ஆள் நீதான் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி அவளை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்குப் பேர் விழாது, பரவாயில்லை என்று வீரய்யாவை இழுத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போனாள். ஐந்து மணிக்கு அந்த ஊர் தன் குணத்தைக் காட்டியது, ஐந்தரைக்குத் திரும்பி பஸ் ஏறினார்கள். அடுத்த பத்தாம் தேதி இன்னோர் ஊர், அதே கதை. மூன்றாவது பத்தாம் தேதி தெமோதரையில் இறங்கி வேறு பஸ் மாறி, தெல்கஹவெல என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீரய்யாவுக்கு அலுத்துப்போயிருந்தது. "எல்லா ஊருலயும் சாராயம் இருக்கும் புள்ள" என்றான். அவள் முன்னால் நடந்தாள்.

தெல்கஹவெலவுக்குள் நுழையும் றோட்டு, ஊர் முகப்பில் சட்டென்று வளைந்தது. வளைவுக்கு நடுவில் நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத ஒரு மருத மரம். அதன் வேர் ஓடைக்குள் இறங்கியிருந்தது, ஓடைத் தண்ணீரில் அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பாக்கியலெட்சுமி ஊரைப் பார்க்கத் தொடங்கினாள். ஐந்து மணிக்கு முதல் பஸ் வந்தது. இறங்கிய ஆண்கள் கையில் பாண் ரொட்டி இருந்தது, பேப்பரில் சுற்றிய மீன் இருந்தது. ஒருவன் பூச்சாடியோடு ஒரு ரோசாச் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். எல்லாரும் அவரவர் வீட்டுப் பக்கம் போனார்கள். இரண்டாவது பஸ்ஸும் அப்படியே. பாக்கியலெட்சுமி கடைத்தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை நடந்தாள். மூடிக் கிடந்த கதவைக்கூட விடாமல் பக்கத்துக் கடையில் விசாரித்தாள். ஒன்று அரிசிக் கடை, ஒன்று தச்சுப் பட்டறை. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு தையல் கடைக்குள் நுழைந்தாள். மெஷினில் இருந்தவள் அவளைவிடப் பத்து வயது இளையவளாக, தலையில் முக்காட்டோடு இருந்தாள். பெயர் ஜெஸீமா என்று பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, இந்த ஊர்ல சாராயக்கட எங்கம்மா இருக்கு?"

ஜெஸீமா மெஷினை நிறுத்தினாள். வாசலில் நின்ற வீரய்யாவைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"ஆருக்கு வேணும்?"

"யாருக்கும் வேணாம். இருக்கக்கூடாதுன்னுதான் கேக்குறேன்."

ஜெஸீமா எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "இருந்திச்சு அக்கா. ஆறு வருஷத்துக்கு முந்தி, அந்த மருத மர வளைவுக்குக் கிட்ட. லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம் எங்கட ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் போய் அதுக்கு முன்னால குந்திட்டோம். சிங்களப் பொம்பளைங்க, நாங்க, தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாரும். பத்தொன்பது நாள். நான் இந்த மெஷினையே தூக்கிட்டுப் போய் அங்க வச்சுத் தச்சேன். அதுக்குப் பொறகு லைசன்ஸ் வரல்ல. றோட்டு அகலமாக்க அந்த மரத்த வெட்ட வந்த நேரமும் அதே மாதிரிக் குந்தினோம். அதான் றோட்டு வளைஞ்சு போகுது."

"அந்தக் கட்டடம்?"

"அதுலதான் இப்ப எங்கட பொம்பளைங்க சங்கத்து நாத்துமேட. மரக்கன்னு, பூக்கன்னு எல்லாம் போட்டு விக்கிறோம். செடி வெட்டத் தெரிஞ்ச ஆளு ஒராள் கிடைக்காமத்தான் கஷ்டமா இருக்கு."

வாசலில் நின்ற வீரய்யா தொண்டையைச் செருமினான். அரை மணி நேரத்தில் மூவரும் நாற்றுமேடையில் நின்றார்கள். கட்டடத்துக்குள் காலை வைத்ததும் வீரய்யா மூக்கை உறிஞ்சினான். "ஆறு வருஷமாகியும் மூலையில லேசா வாசம் இருக்கு" என்றான். இரண்டு பொம்பளைகளும் திகைத்துப் பார்க்க, அவன் பாட்டுக்கு ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்து, யார் இதை இப்படிக் கண்டபடி வெட்டியது என்று கோபப்பட்டான். பாக்கியலெட்சுமி அவன் கையைத்தான் பார்த்தாள். அது நடுங்கவில்லை.

ஜெஸீமாவின் உம்மா இருந்த சின்ன வீடு ஓடைக் கரையில் காலியாகத்தான் கிடந்தது. பாக்கியலெட்சுமி அதைக் கேட்டதும் ஜெஸீமா கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க எங்கட ஊரப் பாத்துட்டீங்க. நாங்க உங்களப் பாக்க வேணாமா?" என்றாள்.

பாக்கியலெட்சுமிக்குச் சுருக்கென்றது. இந்த வயதிலும் நடந்து காட்ட வேண்டுமா?

"உங்களுக்குக் கூட்டத்துல எழும்பிப் பேச ஏலுமா?" என்று கேட்டாள் ஜெஸீமா.

அப்படியொரு கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. சமைப்பாயா என்று கேட்டிருக்கிறார்கள், கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார்கள். "பேசினதில்ல. ஆனா நிக்கத் தெரியும். எம்புட்டு நேரமுன்னாலும் நிப்பேன்" என்றாள்.

ஜெஸீமா சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை வெற்றிலை கொடுத்தபோது பாக்கியலெட்சுமிக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

லில்லிமலையில் வேலையை விட்டு, சாமான்களை லொறியில் ஏற்றிய அன்று லயமே கூடி நின்று பார்த்தது. அங்கம்மா பானை சட்டி தூக்கிக் கொடுத்து உதவினாள். லொறி புறப்படும் நேரம் பாக்கியலெட்சுமியின் காதருகே வந்து, "அந்த ஊர்ல இன்னொரு வீடு இருக்குமாடி?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள்.

"பாத்துச் சொல்றேன். பத்தாந்தேதி வா" என்றாள் பாக்கியலெட்சுமி.

புது ஊரில் யசோதினிக்கு ஆற்றுக்குப் பதில் ஓடையும், கூடவே நூல்நிலையமும் கிடைத்தன. அங்கிருந்தே பதுளைக்கு பஸ்ஸில் போய் வந்தாள். வீரய்யாவுக்கு நாற்றுமேடையில் வேலை. "காலையில சாராயக்கடைக்குப் போனா சாயந்தரந்தான் வீடு, முந்தி மாதிரியேதான்" என்று அவன் கேலி பேசும் அளவுக்கு வந்துவிட்டான். பாக்கியலெட்சுமி ஓடையோரம் கீரைப் பாத்தி போட்டாள், சங்கத்தில் சேர்ந்தாள். ஆனால் முதல் பத்தாம் தேதி வந்ததும் அவள் கால்கள் தாமாகவே நடந்து மருத மர வளைவில் போய் நின்றன. நாற்றுமேடைச் சம்பளமும் பத்தாம் தேதிதான். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்த வீரய்யா அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவளோடு வீட்டுக்கு நடந்தான். போவோர் வருவோர் எல்லாம் யாருக்காக நிற்கிறீர்கள் என்று நல்ல மனசோடு விசாரித்தார்கள். அடுத்த மாதமும் நின்றாள். இந்த ஊரில் குடிக்க இடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இடம் உண்டு என்பதும் தெரியும். மூன்றாவது மாதமும் நாலாவது மாதமும்கூட நின்றாள்.

ஐந்தாவது மாதம் ஊருக்கு ஒரு பிரச்சினை வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் ஓடைக்கு மேலே ஹோட்டல் கட்டிவிட்டு, அதோடு ஒரு பாருக்கும் லைசன்ஸ் கேட்டிருந்தார். இடத்தைப் பார்க்க அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்தது. சங்கம் அவசரமாகக் கூடியது. மூன்று மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஐந்தரை தாண்டியும் முடியவில்லை. கடிதம் எழுதலாம் என்றார்கள், மறுபடி குந்தலாம் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த பாக்கியலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. ஆனாலும் நிற்கத் தெரிந்தவள், நின்றாள்.

"ஞாயித்துக்கெழம வந்து பாத்தா அவுங்களுக்கு என்னங்க தெரியும்? ஊரு தூங்கிக்கிட்டு இருக்கும். நல்ல அமைதியான ஊருதானே, ஒரு கட வந்தா என்ன கெட்டுப்போகுமுன்னுதான் எழுதுவாங்க. நானும் அப்பிடி ஒரு ஊர லீவு நாள்ல பாத்து ஏமாந்தவதான்." சிங்களத்தில் வராததைத் தமிழில் சொன்னாள், ஜெஸீமா முன்வரிசைக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அவுங்கள பத்தாந்தேதி வரச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லுங்க. எறங்குற ஆம்பளைங்க கையில என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. பாணு இருக்கும். மீனு இருக்கும். புள்ளைக்கு எழுதக் கொப்பி இருக்கும். அதெல்லாம் இல்லாம வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா எப்பிடி இருக்குமுன்னு தெரியணுமா? என்னையக் கேக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன். வெக்கப்படாமச் சொல்றேன்."

மண்டபமே கைதட்டியது. தலைவி அதை அப்படியே எழுதச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துவிட்டு, "பத்து இண்டைக்குத்தானே! அப்ப அடுத்த மாசம் பத்துக்கு வரச் சொல்லிக் கேப்போம்" என்றாள்.

பாக்கியலெட்சுமிக்குத் திக்கென்றது. இன்றைக்கா பத்து? இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு மறக்காத தேதி, இன்றைக்கு மறந்துபோயிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் குடையைக்கூட எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. நாற்றுமேடை பூட்டிக் கிடந்தது. எதிரே தெமோதரைக்குப் போகும் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அதன் ஜன்னல்களில் ஒவ்வொரு தலையாகத் தேடினாள். எல்லாம் தெரியாத தலைகள். மாரியம்மா, மாரியம்மா என்று வாய் முணுமுணுத்தது. மருத மரத்தடிக்கு வந்து வளைவில் திரும்பினாள்.

வீரய்யா அங்கே நின்றுகொண்டிருந்தான். கையில் குடை, தோளில் பை, பையிலிருந்து பாணின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அவள் எப்போதும் நிற்கும் அதே இடத்தில், வேர் மேட்டில் ஒரு காலை வைத்து நின்றான்.

"ஏங்க, இங்க என்ன செய்றீங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சம்பள நாளு புள்ள. யாராச்சும் ஒருத்தரு வளைவுல நிக்கணுமில்ல?"

பாக்கியலெட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாண நாளிலும் பட்டதில்லை. ரோசாச் செடிக்காரன் சைக்கிளில் போகிறபோக்கில் வீரய்யாவைப் பார்த்து, "இன்னிக்கு நீங்களா நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"நான் கூட்டத்துல பேசினேங்க" என்றாள் அவள்.

"தெரியும். கைதட்டுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டிச்சு, நீயாத்தான் இருக்குமுன்னு நெனச்சேன். உள்ள வரலாமுன்னு பாத்தேன். பொறகு, நீ பேசிட்டு வர்ற வழியில நிப்போமுன்னு நின்னுட்டேன்." வீரய்யா குனிந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். "ஒரு மணி நேரந்தான் நின்னேன், காலு ரெண்டும் விட்டுப்போச்சு. இருபத்தஞ்சு வருஷம் நீ எப்பிடி புள்ள நின்ன?"

அவள் அவன் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போயிச் சொல்றேன். நடங்க" என்றாள்.